மார்ச்சில் மதீரா: இடைவெளி விட்டுத் திட்டமிடுங்கள்

போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பனிலிருந்து கிளம்பிய விமானம் மதீரா தீவின் ஓடுதளத்துக்கு இரண்டு முறை தாழ இறங்கியது. இரண்டு முறையும் காற்றுக்கு ஈடு கொடுக்காமல் மேலேறிவிட்டது. பிறகு பக்கத்துத் தீவான போர்ட்டோ சாண்டோவில் இறக்கினார்கள். இரண்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு மறுபடி லிஸ்பனுக்கே கொண்டுவந்து விட்டார்கள். அடுத்த இரண்டு நாளும் இடம் கிடைக்கவில்லை. மதீராவுக்கு என்று ஒதுக்கிய எட்டு நாளில் இரண்டு அப்படியே போயிற்று. பணத்தைத் திருப்பித் தராத விடுதிக்கு இரண்டு இரவு வாடகையும் போயிற்று. 68 வயது அம்மாவும் ஒன்பது வயது மகளும் கூட இருந்தார்கள்.

இது 2025 மார்ச்சில் நடந்தது. இதில் பெரும்பாலானது தவிர்த்திருக்கக் கூடியது என்பது ஊர் திரும்பிய பிறகுதான் புரிந்தது. குளிரும் இல்லாமல் வெயிலும் இல்லாமல், மலையும் கடலும் பூவுமாக இருக்கும் அந்தத் தீவுக்கு வசந்தத் தொடக்கத்தில் போக நினைக்கிறவர்கள் நாங்கள் பட்ட பாட்டைப் படக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். தமிழ்நாட்டிலிருந்து இந்தியப் பாஸ்போர்ட்டில் குடும்பமாகப் போகிறவர்களை மனத்தில் வைத்து எழுதுவது இது.

படிக்கும்போது ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். விசா, காப்பீடு, விமானம், விடுதி என்று எதில் தேதி போட்டாலும் முன்னும் பின்னும் இடைவெளி விடுங்கள்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

மதீரா போர்ச்சுகலைச் சேர்ந்த தன்னாட்சிப் பகுதி. ஆனால் இருப்பது அட்லாண்டிக் கடலுக்குள், ஆப்பிரிக்கக் கரைக்கு எதிரே. தலைநகர் ஃபுன்ஷாலில் மார்ச் மாதத்துப் பகல் 19, 20 டிகிரி. இரவு 14 டிகிரி அளவு. கொடைக்கானலின் நல்ல நாள் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கடல் நீர் 18 டிகிரிதான் இருக்கும். நம் ஊர்க் கடலில் இறங்கிப் பழகியவர்களுக்கு அது வெடவெடக்க வைக்கும். குளியலை நம்பிப் போகாதீர்கள்.

தீவு சிறியது, ஆனால் வானிலை ஒன்றல்ல. தெற்குக் கரையில் வெயில் அடிக்கும்போதே வடக்குக் கரையில் மழை கொட்டும். 1,818 மீட்டர் உயரமுள்ள பிக்கோ டோ அரியெய்ரோ மேகத்துக்கு மேலே நிற்கும். அங்கே மார்ச்சிலும் பனிக்கட்டி உறைவதுண்டு. அந்த நாட்களில் மலைச்சாலையை அடைத்துவிடுவார்கள். ஆகவே ஒரே பெட்டியில் பருத்திச் சட்டையும் காற்றுப் புகாத மேலங்கியும் இரண்டும் வேண்டும்.

பிப்ரவரியிலோ மார்ச் தொடக்கத்திலோ கார்னிவல் திருவிழா ஊர்வல வாரம் வரும். ஈஸ்டரை ஒட்டி ஆண்டுதோறும் தேதி மாறும். அந்த வாரமும் ஈஸ்டர் வாரமும் விடுதி வாடகை ஏறும். புகழ்பெற்ற மலர்த் திருவிழா அதற்கெல்லாம் பிறகு, பெரும்பாலும் மே மாதத்தில்தான் நடக்கும். மார்ச்சில் போய் அதைத் தேடாதீர்கள். பத்து நாள் விடுமுறை இருந்தால் தீவுக்கு ஏழு, லிஸ்பனுக்கு மூன்று என்று பிரியுங்கள். ஒரு வாரம்தான் விடுப்பு என்றால், என் கருத்தில், இந்தப் பயணத்தை இன்னொரு வருடத்துக்குத் தள்ளுவது நல்லது.

2. பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரைப் பாருங்கள்

விசா பற்றி எழுதுகிறவர்கள் பலரும் இதைச் சொல்வதில்லை. நம் ஆட்களுக்குத்தான் இது பெரிய தலைவலி.

நம் வீட்டுப் பெரியவர்கள் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அம்மாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலி. விமான நிறுவனத்தின் தளமோ அந்தக் கட்டத்தை நிரப்பாமல் மேலே போக விடாது. நான் அப்பாவின் பெயரைப் போட்டுப் பயணச்சீட்டு எடுத்தேன். காப்பீட்டில் இனிஷியலை மட்டும் போட்டார்கள். விசா விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஒற்றைப் பெயர். ஒரே ஆளுக்கு மூன்று தாளில் மூன்று பெயர்! விண்ணப்ப மையத்தில் உட்கார்ந்தபடி காப்பீட்டை மாற்றி வாங்கினோம். பயணச்சீட்டைத் திருத்த விமான நிறுவனத்தைத் தொலைபேசியில் பிடிக்க மூன்று நாள் ஆயிற்று.

வழி இரண்டு உண்டு. ஒன்று, விமான நிறுவனத்தை முன்பே கேட்டு, ஒற்றைப் பெயரை எப்படிப் பதிய வேண்டும் என்று தெரிந்துகொண்டு எடுப்பது. சிலர் ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்வார்கள். சிலர் வேறு முறை சொல்வார்கள். இரண்டாவது, அப்பா அல்லது கணவர் பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்துப் பாஸ்போர்ட்டை மறுபடி எடுப்பது. 36 பக்கப் புத்தகத்துக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய்; தட்கல் என்றால் மேலே 2,000. அவகாசம் இருந்தால் இரண்டாவதுதான் நிரந்தரத் தீர்வு. துபாய் வழியாகப் போய், அங்கே வெளியே இறங்கி ஒரு நாள் சுற்றலாம் என்று நினைப்பவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா நுழைவு தருவதில் அமீரகம் 2022 நவம்பரிலிருந்து கட்டுப்பாடு வைத்திருக்கிறது.

மற்ற நிபந்தனைகள் எளிது. பாஸ்போர்ட் எடுத்துப் பத்து ஆண்டுக்குள் இருக்க வேண்டும். ஷெங்கன் பகுதியை (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளை) விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்ல வேண்டும். இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும்.

3. விசா: மூன்று மாதத்துக்கு முன்பே தொடங்குங்கள்

மதீராவுக்கென்று தனி விசா இல்லை; ஷெங்கன் விசாதான். அதிக நாள் தங்கப்போவது போர்ச்சுகலில் என்றால் போர்ச்சுகலிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். வேறு நாட்டுக்கு நேரம் சீக்கிரம் கிடைக்கிறது, அதில் வாங்கி இதில் போகலாம் என்று ஒரு முகவர் எங்களிடம் சொன்னார். கேட்கவில்லை, நல்லதாயிற்று. நுழைவில் விடுதிப் பதிவைக் கேட்டால் பதில் சொல்ல முடியாமல் போயிருக்கும்.

விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். குறைந்தபட்சம் 15 நாள் முன்பு. முடிவு சொல்ல அவர்களுக்கு 15 நாள். தேவைப்பட்டால் 45 நாள் வரை நீட்டிக்கலாம். இதெல்லாம் விண்ணப்பத்தைக் கொடுத்த பிறகுதான். கொடுக்கவே நேரம் கிடைக்க வேண்டுமே! சென்னை மையத்தில் எங்கள் நால்வருக்கும் ஒரே நாளில் இடம் கிடைக்க மூன்று வாரம் காத்திருந்தோம். தினமும் காலையில் தளத்தைத் திறந்து பார்ப்பதே வேலையாக இருந்தது. மார்ச் பயணத்துக்கு நவம்பர் கடைசியில் நேரம் தேட ஆரம்பியுங்கள். டிசம்பர் கடைசியில் விண்ணப்பம் உள்ளே போய்விட வேண்டும். பாஸ்போர்ட் அவர்கள் கையில் இருக்கும் வாரங்களில் வேறு வெளிநாட்டுப் பயணம் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. 6 வயது நிரம்பி 12 வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு 45. ஆறு வயதுக்குக் கீழே இலவசம். எங்கள் நால்வருக்கும் சேர்ந்து 315 யூரோ. ஒரு யூரோ நூறு ரூபாய் என்று மனக்கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், பெரிதாகத் தவறாது. மையத்தின் சேவைக் கட்டணமும் கூரியரும் தனி. விசா மறுக்கப்பட்டால் எதுவும் திரும்பி வராது. மையத்தில் குறுஞ்செய்தி, தனி அறை, நகலெடுப்பு என்று கூடுதல் சேவைகளை நீட்டுவார்கள். எதுவும் கட்டாயமில்லை. வேண்டாம் என்று சொல்லத் தயங்காதீர்கள்.

தாள்களை இந்த வரிசையில் அடுக்கினோம்:

- விண்ணப்பம், 35-க்கு 45 மில்லிமீட்டர் அளவில் வெள்ளைப் பின்னணிப் படம் இரண்டு, பாஸ்போர்ட், பழைய பாஸ்போர்ட்.
- பயணம் ஏன், எந்த நாள் எங்கே என்று எழுதிய ஒரு பக்கக் கடிதம். நால்வருக்கும் ஒரே நாட்பட்டியல்.
- விமானப் பதிவு, விடுதிப் பதிவு. விசா வரும்வரை ரத்து செய்யக் கூடியதாக எடுங்கள்.
- காப்பீடு. குறைந்தது 30,000 யூரோ. ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும்.
- வங்கிக் கணக்கு அறிக்கை, வங்கி முத்திரையோடு. நாங்கள் ஆறு மாதத்துக்குக் கொடுத்தோம். விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் திடீரென்று பெரிய தொகை வந்து விழுந்திருந்தால் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். எங்கிருந்து வந்தது என்ற சான்றையும் இணைத்துவிடுங்கள்.
- வருமான வரித் தாக்கல், சம்பளச் சீட்டு, விடுப்பு அனுமதிக் கடிதம். கடிதத்தில் திரும்பி வேலையில் சேரும் தேதி இருக்க வேண்டும்.
- திருமணப் பதிவுச் சான்றிதழ், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ்.

இதில் நாங்கள் மாட்டிக்கொண்டது கடைசியில். கல்யாணம் ஆகிப் பன்னிரண்டு வருடம், இன்னும் பதிவு செய்யவில்லை. பத்திரிகையும் மண்டபத்து ரசீதும் செல்லாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் தாமதப் பதிவுக்கு அலைந்து சான்றிதழ் வாங்கினோம். உங்களிடம் இல்லையென்றால் இந்தக் கட்டுரையை வைத்துவிட்டு அதை முதலில் ஆரம்பியுங்கள்.

அம்மாவுக்கு வருமானம் இல்லை. செலவை நாங்கள் ஏற்கிறோம் என்ற கடிதம், என் பிறப்புச் சான்றிதழ், அவர் பெயரில் உள்ள வீட்டின் ஆவணம் மூன்றையும் வைத்தோம். பட்டா தமிழில் இருந்ததால் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சான்றளித்துக் கொடுத்தோம். திரும்பி வருவதற்கு ஊரில் என்ன இருக்கிறது என்பதை அவர்கள் பார்க்கிறார்கள். பெரியவர்களுக்கு வீடும் நிலமும் நல்ல சான்று.

காப்பீட்டுத் தேதியைப் பயண நாட்களோடு ஒட்டி எடுக்காதீர்கள். திரும்பும் நாளுக்குப் பிறகு ஒரு வாரமாவது சேர்த்து எடுங்கள். விலை வித்தியாசம் சொற்பம். காற்று நிற்காமல் மூன்று நாள் தீவில் மாட்டிக்கொண்டால் காப்பீடு இல்லாத நாட்களாக அவை ஆகிவிடும். விசா கைக்கு வந்ததும் அந்தத் தாளிலுள்ள முதல் நாள், கடைசி நாள், தங்கக்கூடிய நாட்களின் எண்ணிக்கை மூன்றையும் அங்கேயே நின்று படியுங்கள். எண்ணிக்கை பத்து என்றால் பத்துதான். கடைசித் தேதி தள்ளி இருப்பதால் கூட இரண்டு நாள் இருந்துவிடலாம் என்று அர்த்தமில்லை.

4. விமானம்: இங்கேதான் கோட்டை விட்டோம்

சென்னையிலிருந்து மதீராவுக்கு நேரடி விமானம் இல்லை. துபாய் வழியாகவோ ஃபிராங்க்ஃபர்ட் வழியாகவோ லிஸ்பன் போய், அங்கிருந்து ஒன்றே முக்கால் மணி நேரம். ஜெர்மனியின் சில நகரங்களிலிருந்து ஃபுன்ஷாலுக்கு நேராகவும் பறக்கிறார்கள்.

லண்டன் வழியாக மலிவாகக் கிடைத்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஷெங்கன் சுற்றுலா விசா கையில் இருந்தாலும், விமானம் மாறி ஏறுவதற்கு மட்டுமே லண்டனில் இறங்கும் இந்தியப் பாஸ்போர்ட்காரர் பிரிட்டனின் இடைவழி விசா வாங்க வேண்டும். அமெரிக்கா, கனடா போன்ற சில நாட்டு விசா உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. அந்த விசாவும் விலக்கும் இல்லாமல் வந்தவர்களைச் சென்னையிலேயே ஏற்றமாட்டார்கள்.

நாங்கள் செய்த தவறு இது: சென்னை–லிஸ்பன் ஒரு சீட்டு, லிஸ்பன்–ஃபுன்ஷால் வேறு நிறுவனத்தில் தனிச் சீட்டு. ஆளுக்கு ஆறாயிரம் ரூபாய் மிச்சம் என்று மகிழ்ந்தோம். சீட்டுகள் தனித்தனி என்றால் முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. முழுப் பயணமும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருந்தால், வழியில் எது நின்றாலும் ஃபுன்ஷால் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு அவர்களுடையது.

அந்த விமான நிலையம் எப்படிப்பட்டது என்று தெரிந்தால் இந்த எச்சரிக்கை புரியும். மலைக்கும் கடலுக்கும் நடுவே இடம் இல்லாமல், ஓடுதளத்தின் ஒரு பகுதியைக் கடலோரத்தில் தூண்கள் மேல் எழுப்பியிருக்கிறார்கள். மலையிலிருந்து இறங்கும் காற்று அங்கே சுழன்றடிக்கும். தனிப் பயிற்சி பெற்ற விமானிகள்தான் இறக்கலாம். காற்று வரம்பைத் தாண்டினால் அவர்களும் இறக்க மாட்டார்கள். இறக்காததற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அந்த நாளைக் கணக்கில் வைத்திருக்க வேண்டியது நாம்தான்.

- லிஸ்பனில் அன்றே மாறி ஏறாமல் ஓர் இரவு தங்குங்கள். குடியேற்றச் சோதனை வரிசையே சில நாள் மணிக்கணக்கில் நீள்கிறது. 2025 அக்டோபர் முதல் ஷெங்கன் எல்லைகளில் முகப்படமும், விசா தேவைப்படாதவர்களுக்குக் கைரேகையும் பதிகிற புதிய முறை படிப்படியாக வந்திருப்பதால் முதல்முறை போகிறவர்களுக்கு இன்னும் நேரமாகும். 12 வயதுக்குக் கீழே கைரேகை இல்லை, படம் மட்டும்.
- காலை விமானமாகப் பாருங்கள். காலையில் இறங்க முடியாமல் போனால் மாலைக்குள் இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. இரவு விமானம் திரும்பினால் அந்த நாள் அவ்வளவுதான்.
- திரும்பிப்போக நேர்ந்தால் நிறுவனம் சாப்பாடும் இரவு தங்கலும் தர வேண்டும்; ஐரோப்பிய ஒன்றிய விதி அது. வானிலைக் காரணம் என்பதால் இழப்பீட்டுப் பணம் மட்டும் கிடைக்காது. கவுன்ட்டரில் நின்று கேட்டால்தான் தருவார்கள்.
- என்ன காரணத்தால் எவ்வளவு தாமதம் என்று ஒரு கடிதம் அங்கேயே வாங்குங்கள். நாங்கள் வாங்கவில்லை. ஊருக்கு வந்து காப்பீட்டில் விடுதி வாடகையைக் கேட்டபோது அந்தக் கடிதம் இல்லாமல் தள்ளிவிட்டார்கள்.

மருந்தையும் ஒரு மாற்றுத் துணியையும் கைப்பையில் வையுங்கள். அம்மாவின் சர்க்கரை மாத்திரை பெட்டிக்குள் போய்விட்டது. அந்த இரவு பெட்டி எங்கள் கைக்கு வரவில்லை. அந்தப் பதற்றத்தை இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

5. தங்குமிடம்: தூரத்தைப் பார்க்காதீர்கள், ஏற்றத்தைப் பாருங்கள்

வரைபடத்தில் கடைத்தெருவுக்கு நானூறு மீட்டர் என்று இருக்கும். போனால் அது பழனிமலைப் படி மாதிரி நிற்கும். ஃபுன்ஷால் மலைச்சரிவில் அடுக்கடுக்காக ஏறும் ஊர். முழங்கால் வலி உள்ளவர்கள் கூட வந்தால் லிடோ பகுதியில் பாருங்கள். கடலோரமாக நீண்ட, சமமான நடைபாதை இருக்கிறது. பேருந்தும் கடைகளும் பக்கத்தில். பதிவு செய்யும் முன்பு விடுதிக்கு எழுதிக் கேட்க வேண்டிய கேள்வி இரண்டு: வாசலிலிருந்து அறைக்கு எத்தனை படி, லிஃப்ட் உண்டா? அறையைச் சூடாக்கும் கருவி இருக்கிறதா?

இரண்டாவது கேள்வியை நாங்கள் கேட்கவில்லை. ஆண்டு முழுதும் இதமான ஊர் என்பதால் அங்கே பல வீடுகளில் சூடாக்கும் ஏற்பாடு கிடையாது. பகலில் இருபது டிகிரி இருந்தாலும் இரவில் ஈரக் குளிர் சுவரிலிருந்து இறங்கும். அம்மா மூன்று போர்வைக்குள் நடுங்கினார். உரிமையாளர் மறுநாள் ஒரு சிறு ஹீட்டர் கொண்டுவந்து கொடுத்த பிறகுதான் தூங்கினார்.

சமையலறையுள்ள வீட்டுக்கு இரவுக்கு 95 யூரோ கொடுத்தோம். ஃபுன்ஷால் நகராட்சியின் சுற்றுலா வரி இதில் சேராது: 13 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு இரவுக்கு ஆளுக்கு 2 யூரோ, ஏழு இரவு வரை. மதீராவில் மணல் கடற்கரை அரிது, கூழாங்கல்தான். காலியேட்டாவில் இருப்பது வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டிய மணல். மணல்தான் வேண்டும் என்றால் போர்ட்டோ சாண்டோ தீவில் ஒன்பது கிலோமீட்டர் நீளத்துக்கு இருக்கிறது. ஃபுன்ஷாலிலிருந்து கப்பலில் இரண்டரை மணி நேரம் அளவு ஆகும். கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் யோசியுங்கள்.

6. வண்டி

விமான நிலையத்திலிருந்து ஃபுன்ஷால் இருபது கிலோமீட்டருக்குக் குறைவுதான். ஊருக்குள் இருப்பதற்குப் பேருந்து போதும். மலைக்கும் வடக்குக் கரைக்கும் வாடகைக் கார் இருந்தால்தான் வானிலை பார்த்து இடத்தை மாற்ற முடியும். ஏழு நாளும் எடுக்க வேண்டாம். மூன்று நாள் போதும்.

சர்வதேச ஓட்டுநர் அனுமதியை உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாங்குங்கள். கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். நம் ஊர் உரிமத்தையும் கூடவே வைத்திருக்க வேண்டும். வாடகை நிறுவனம் முன்பணமாக ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு யூரோ வரை கடன் அட்டையில் முடக்கி வைக்கும். அட்டை ஓட்டுநர் பெயரில் இருக்க வேண்டும். டெபிட் அட்டையோ வெளிநாட்டுப் பணம் ஏற்றிய ஃபாரெக்ஸ் அட்டையோ பெரும்பாலும் செல்லாது. என் பெயரில் உள்ள அட்டையோடு, ஓட்டப்போகும் கணவரோடு, கவுன்ட்டரில் நின்றேன். ஏற்கவில்லை. கணவர் அட்டையின் வரம்பு போதவில்லை. கடைசியில் அவர்களின் முழுக் காப்பீட்டை, நாளுக்கு 22 யூரோ கூடக் கொடுத்து வாங்கினால்தான் சாவி என்றார்கள். கிளம்பும் முன்பு வங்கியில் சொல்லி வரம்பை உயர்த்தி, வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து வைத்திருந்தால் இந்தச் செலவு இல்லை.

வலப்பக்கம் ஓட்ட வேண்டும். சரிவுகள் நம் மலைப்பாதைகளைவிடச் செங்குத்து. நடு ஏற்றத்தில் நிறுத்தி எடுக்க வேண்டிவரும். ஆட்டோமேட்டிக் வண்டியைக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். நால்வரும் பெட்டியும் என்றால் மிகச் சிறிய எஞ்சின் வேண்டாம். விரைவுச்சாலையில் சுங்கம் கிடையாது. வண்டியை எடுக்கும்போது நான்கு பக்கமும் காணொளி எடுத்து வையுங்கள்.

7. வாய்க்கால் வழி நடை

மதீராவுக்குப் போகிறவர்கள் போவதே இதற்குத்தான். மழை பெய்யும் வடக்கிலிருந்து காய்ந்த தெற்கு வயல்களுக்கு நீர் கொண்டுவர, மலையைக் குடைந்து வெட்டிய வாய்க்கால்கள். ‘லெவாடா’ என்பார்கள். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடுகின்றன. பராமரிப்பவர்கள் நடந்த கரைதான் இப்போது நடைபாதை. நம் ஊர் வாய்க்கால் வரப்பில் நடந்தவர்களுக்குக் கால் தானாகப் பழகிவிடும். ஒரு வித்தியாசம்: வரப்புக்கு மறுபக்கம் வயல் இருக்காது, சில இடத்தில் நூறு அடிப் பள்ளம், தடுப்புக் கம்பி இல்லாமல்.

அங்கீகரித்த பாதைகளுக்குக் கட்டணம் உண்டு. நாங்கள் போனபோது ஆளுக்கு ஒரு பாதைக்கு 3 யூரோ. பிறகு கூட்டியிருக்கிறார்கள், நேரம் குறித்து முன்பதிவும் செய்யச் சொல்கிறார்கள். மதீரா அரசின் ‘சிம்ப்ளிஃபிக்கா’ தளத்தில் கட்டலாம். அதைவிட முக்கியம், பாதை திறந்திருக்கிறதா என்று முதல் நாள் இரவு பார்ப்பது. மண் சரிவு, மழை, பராமரிப்பு என்று அடிக்கடி மூடுவார்கள். அரியெய்ரோவிலிருந்து பிக்கோ ரூய்வோ போகும் புகழ்பெற்ற மலைமுகட்டுப் பாதை 2024 ஆகஸ்ட் காட்டுத்தீயில் சேதமாகி, நாங்கள் போனபோது முழுதாகத் திறந்திருக்கவில்லை. மூடிய பாதையில் கயிற்றைத் தாண்டிப் போகிறவர்களைப் பார்த்தோம். அந்தத் தவறைச் செய்யாதீர்கள். ஈரப் பாறை காத்திருந்து விழும் இடம் அது.

பெரியவர்களோடு போனால் ரிபெய்ரோ ஃபிரியோவிலிருந்து ‘பால்கோயிஷ்’ போகும் பாதையைத் தேர்ந்தெடுங்கள். ஒரு வழிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர், ஏறத்தாழ சமதளம். முடிவில் பள்ளத்தாக்கு முழுவதும் கண்முன் விரியும். சிறு குருவிகள் கைக்கெட்டும் தூரத்தில் வந்து உட்காரும். அம்மாவுக்கு அந்தப் பயணத்தில் அதுதான் மிகப் பிடித்தது. நடக்கத் தெம்புள்ளவர்களுக்குக் கால்டெய்ராவ் வெர்டி: நீளமான பாதை, குகைவழிகள் வரும், கைவிளக்கு கட்டாயம். சாவ் லோரென்சோ முனையில் நிழலே இல்லை. தொப்பியும் தண்ணீரும் வேண்டும்.

சூரிய உதயத்துக்கு அரியெய்ரோ போகிறவர்கள் கவனிக்க: மார்ச் நடுவில் அங்கே விடிவது ஏழேகால் மணி அளவில். கீழே சட்டையோடு நிற்கலாம் என்றால் மேலே காற்றில் விரல் மரத்துவிடும். மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். அன்று விமானமோ சுற்றுலாவோ வைத்திருந்தால் கவனம்.

8. சாப்பாடு

கட்டுச்சோறு கட்டுவதற்கு முன்: இறைச்சியையும் பால் பொருள்களையும் வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. நெய், பால்கோவா இரண்டையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் போதும். அரிசி, பருப்பு, தயிர் அங்கேயே பல்பொருள் அங்காடியில் கிடைக்கிறது.

சைவர்கள் ‘செம் கார்னே, செம் பெய்ஷே’ என்று சொல்லப் பழகுங்கள். இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம் என்று பொருள். கீரை சூப் என்று நினைத்து வாங்கும் ‘கால்டு வெர்டி’யில் பன்றி இறைச்சித் துண்டு கிடக்கும். பூண்டு வெண்ணெய் தடவிய வட்ட ரொட்டி ‘போலு டு காக்கு’ வயிற்றை நிரப்பும். சர்க்கரைவள்ளிக்கிழங்கு சேர்த்துச் செய்வது அது. சாலையோரமெல்லாம் வாழைத் தோட்டமும் சேம்பும் கரும்பும். அம்மா வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தார். அங்கே கருவாட்டு வாளை மாதிரி நீண்ட கறுப்பு மீனை வாழைப்பழத்தோடு பொரித்துத் தருகிறார்கள். மீன் சாப்பிடுகிறவர்கள் ஒருமுறை சாப்பிட்டுப் பாருங்கள்.

உட்கார்ந்ததும் கேட்காமல் ரொட்டி, வெண்ணெய், ஆலிவ் கொண்டுவந்து வைப்பார்கள். இலவசம் அல்ல. தொட்டால் பில்லில் ஏறும்; வேண்டாம் என்றால் எடுத்துக்கொண்டு போவார்கள். சுற்றுலாப் பயணிகள் கூடும் பழக்கடைகளில் ருசி பார்க்கக் கூப்பிட்டு நீட்டும் பழத்தை வாங்கும் முன் விலையைக் கேளுங்கள். நாலு பாஷன் பழத்துக்கு 18 யூரோ கொடுத்தேன்.

9. பணமும் சில்லறை விஷயங்களும்

ஃபாரெக்ஸ் அட்டையில் யூரோ, கையில் இருநூறு யூரோ ரொக்கம், காருக்குக் கடன் அட்டை. இந்த மூன்றும் போதும். ஏ.டி.எம். திரையோ கடைக் கருவியோ ரூபாயில் எடுக்கவா என்று கேட்டால் யூரோவையே அழுத்துங்கள். நம் மெல்லிய இரண்டு முள் பிளக் அங்கே பொருந்தும், மூன்று முள் பொருந்தாது. மருந்துச் சீட்டை ஆங்கிலத்தில் எழுதி வாங்கி வையுங்கள்.

விமானம் ஆளுக்கு எண்பதாயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் ஆயிற்று. தீவில் நால்வருக்கும் சாப்பாடு, கார், நுழைவு எல்லாம் சேர்ந்து நாளுக்கு 130 யூரோ வந்தது, பாதி வேளை வீட்டில் சமைத்ததால்.

10. திரும்பும் நாள்

ஊருக்குக் கிளம்பும் பெரிய விமானத்துக்குக் குறைந்தது ஒரு நாள் முன்பே, முடிந்தால் இரண்டு நாள் முன்பே, தீவை விட்டு லிஸ்பன் வந்துவிடுங்கள். லிஸ்பனைப் பயணத்தின் தொடக்கத்தில் முழுவதும் சுற்றிப் பார்த்துவிடாமல் கடைசிக்கு மிச்சம் வைத்தால் அந்த இடைவெளி வீணாகப் போனதாகத் தோன்றாது. வந்த அனுபவத்தில் பயந்து, திரும்பும் சீட்டை 35 யூரோ கட்டி ஒரு நாள் முன்னே மாற்றினோம். அன்றிரவு லிஸ்பனில் அம்மா நிம்மதியாகத் தூங்கினார்.

வெளியேறும்போதும் எல்லைப் பதிவு உண்டு. மூன்று மணி நேரம் முன்பே போங்கள். ஏறும் அட்டைகளையும் விடுதி ரசீதுகளையும் தூக்கிப் போடாதீர்கள். மூன்று ஆண்டுக்குள் இரண்டு ஷெங்கன் விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்திய இந்தியர்களுக்கு, பாஸ்போர்ட்டில் காலம் மிச்சம் இருந்தால், இரண்டு ஆண்டுக்குப் பலமுறை போய்வரும் விசா தர 2024 ஏப்ரலிலிருந்து வழி செய்திருக்கிறார்கள். அடுத்த விண்ணப்பத்தில் அந்தத் தாள்களின் நகலை முதல் பக்கக் கடிதத்தோடு சேர்த்துக் கட்டுங்கள்.